பிரேக் குழாயில் சுற்றியிருந்த டியூப்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முதலில் முழங்காலுக்குப் போகும், அப்புறம் சர்க்கரைக்குப் போகும், அதற்கப்புறம் யாராவது "அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாரும் சொல்வது நல்ல கதையாகத்தான் இருக்கும். தான் செய்த தப்பை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போன வாரம் பேச்சு பழைய கார்கள் பக்கம் போனபோது, "உங்க வீட்லதான் அப்பவே கார் இருந்துச்சே, நீங்க சொல்லுங்க டீச்சர்" என்று என்னைக் கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்புவது எனக்குப் பத்து வயதிலிருந்தே கைவந்த வேலை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கடலூர் பழைய டவுனில், அதாவது ஓ.டி.யில், துறைமுகத்துக்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. அப்பா ஒரு பழைய கறுப்புக் காரை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதை ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. தன் தலைமுடியைச் சீவுவதைவிட அதிக நேரம் காரின் முன் கண்ணாடியைத் துடைப்பார். ஆனால் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவதோடு சரி, உள்ளே வேறு எதையும் தொட மாட்டார். "அது மெக்கானிக் பாய் வேலை, நமக்கு எதுக்கு" என்பார்.

அந்தக் காரில் இப்போதைய கார்களில் இல்லாத ஒன்று உண்டு. திரும்பும்போது பக்கவாட்டுத் தூணிலிருந்து ஒரு சிவப்பு அம்பு எழும்பி நிற்கும். மாமா ஒரு பித்தானைத் திருகுவார், அம்பு 'டக்' என்று கிளம்பும். அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வருவோம். சில நாள் பாதியில் நின்றுவிடும், மாமா கையை வெளியே விட்டு ஒரு தட்டு தட்டுவார். ரெக்ஸின் சீட்டு வெயிலில் தொடையைச் சுடும். உள்ளே எப்போதும் பெட்ரோலும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. பிரேக் ஆயில் அந்த நாளில் விளக்கெண்ணெய் வாசனைதான் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும். பேதிக்குக் கொடுக்கும்போது மட்டும்தான் பிடிக்காது.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பனாறு, நடுவில் எங்கள் தெரு. அங்கே இரும்பு என்று எதுவும் நிலைக்காது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றால் பாவாடையில் துருக் கறை ஒட்டும், கிணற்று வாளிக்கு வருஷா வருஷம் அடித்தகடு மாற்ற வேண்டும். கார் மட்டும் விதிவிலக்கா என்ன? ஒரு வைகாசியில், மாமா வண்டியை நிறுத்திய இடத்தில் தரையில் எண்ணெய்ச் சொட்டு விழுந்திருந்தது. பிரேக்குக்குப் போகும் இரும்புக் குழாயில் ஓர் இடம் துருப்பிடித்துக் கசிய ஆரம்பித்திருந்தது.

கார் பாயின் ஷெட்டுக்குப் போனது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தென்னங்கீற்றுக் கூரை, நடுவில் ஒரு பள்ளம், அதுதான் ஷெட். பாய் ஒல்லியாக, உயரமாக இருப்பார். கைலியை மடித்துக் கட்டியிருப்பார். காதில் பீடிக்குப் பதிலாகப் பென்சில். அவருடைய மகள் என் வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடம் விட்டால் ஒன்று அவள் எங்கள் வீட்டில் இருப்பாள், அல்லது நான் அவர்கள் ஷெட்டில் இருப்பேன். அவளுக்கு அத்தா, எனக்கு பாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு அவள் காய்ச்சலில் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய கணக்கு நோட்டைக் கொடுக்கப் போனவள், எங்கள் கார் அங்கே நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டேன். மாமா வண்டியை விட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போயிருந்தார். அதே மாதிரி இரும்புக் குழாய் அந்த நாளில் எங்கேயும் கிடைக்காது, சீமையிலிருந்து வர வேண்டும். அதனால் பாய் அரித்துப்போன பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த நீளத்துக்குப் புதுச் செப்புக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். செப்புக் குழாயும் மிச்ச இரும்புக் குழாயும் சேர்கிற இடத்தில் ஒரு நட்டு. அதை முறுக்கி முடித்ததும் துணியால் ஈரமில்லாமல் துடைத்தார். சிவப்புப் பெயிண்ட் ஒரு பூச்சு. அது காயும் வரைக்கும் டீ குடித்தார். பிறகு விரலால் கிரீஸை எடுத்து அப்பினார். ஒரு பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கத்தரித்து, அந்த இணைப்பின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றினார். கடைசியில் நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். குழாயை இறுக்கிப் பிடிக்கிற இரும்புக் கிளிப்புகளுக்கு உள்ளேயும் ஒவ்வொரு ரப்பர் துண்டு வைத்தார். நான் பானெட்டின் ஓரத்தில் மோவாயை வைத்துக்கொண்டு இத்தனையையும் பார்த்தேன். நூலைக் கடிக்கும்போது அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சாயங்காலம் அப்பா வண்டியைப் பார்க்க வந்தார். பாய் பானெட்டைத் திறந்து வைத்தார். கீழே ஓரத்தில் இருந்த குழாயை அப்பாவும் மாமாவும் குனிந்து பார்க்கவில்லை.

"மொதலாளி, செம்பும் இரும்பும் ஒண்ணோட ஒண்ணு பட்டுக்குனு இருந்தா ஆவாது. நடுவுல உப்புத் தண்ணி பூந்துச்சுன்னா செம்பு கம்முனு இருக்கும், இரும்பத் தின்னுடும். நம்ம ஊரு காத்துக்கு ரொம்ப ஜாஸ்தியாத் திங்கும். அதான் ஜாயிண்டுல தண்ணி ஏறாம டியூப் சுத்தியிருக்கேன். மாசத்துக்கு ஒரு வாட்டி வண்டிய இங்க விடுங்க, நான் பாத்துக் கிரீஸ் வச்சித் தரேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செம்பு இரும்பத் திங்குமா? அதுக்கு இன்னா பாய், பல்லு இருக்குதா?" என்றார். படம் பார்த்துவிட்டு வந்திருந்த மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "மாசா மாசம் வண்டிய வரவழைக்க ஒரு கதை கட்டுறான் பாரு" என்றார். ஷெட்டில் பாய் அதைச் சொன்னபோது நான் முன் சீட்டில் உட்கார்ந்து அம்பை எழுப்பி எழுப்பி விளையாடிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. மாதா மாதம் வண்டி ஷெட்டுக்குப் போகவும் இல்லை. பிரேக் நன்றாகப் பிடித்தது, அப்புறம் எதற்குப் போக வேண்டும் என்று அப்பா இருந்துவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. கார் வைத்திருந்த வீடுகளில் ஆயுத பூஜை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தீபாவளியாவது பட்சணத்தோடு போகும். ஆயுத பூஜைக்கு வீடே வண்டியைச் சுற்றி நிற்கும். எங்கள் அப்பாவுக்கு வெளியில் பளபளப்பது போதாது. பானெட்டைத் திறந்து வைத்து, என்ஜினுக்கே சந்தனமும் குங்குமமும் வைத்து, வருகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்க வேண்டும். "நெல்லிக்குப்பத்துலேர்ந்து, மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து எல்லாம் ஆளுங்க வராங்க. பானெட்டத் தொறந்தா அழுக்குன்னு ஒண்ணு கண்ணுல படக் கூடாது" என்று காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார்.

அம்மா கிணற்றடியில் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா வெளியே மட்கார்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பானெட்டுக்கு உள்ளே கை விடும் வேலை எனக்கு வந்தது. கை சின்னது, இடுக்கில் எல்லாம் நுழையும். நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே போனேன். கீழே, ஓர் ஓரத்தில், செப்புக் குழாய் மங்கிப் போய்க் கிடந்தது. அதன் நடுவில் கறுப்பாக, எண்ணெய் பிசுபிசுத்து, மண் ஒட்டி, கந்தலாக ஒரு கட்டு. புண்ணுக்குக் கட்டின துணியை ஒரு வாரம் மாற்றாமல் விட்ட மாதிரி இருந்தது.

அப்பாவின் கண்ணில் படக் கூடாத அழுக்கு அதுதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். முடிச்சு அவிழவில்லை. மாமாவின் சவர பிளேடை எடுத்து வந்து நூலை அறுத்தேன். டியூப் நாடாவை உரித்தேன். கிளிப்பிலிருந்த ரப்பர் துண்டுகளையும் குடைந்து எடுத்தேன். அடியில் இருந்த கிரீஸைத் துடைத்தேன், சிவப்புப் பெயிண்டைச் சுரண்டினேன். பிறகு அம்மாவிடம் போய் மிச்சப் புளியை வாங்கி வந்தேன். அம்மா விளக்குக்குச் செய்கிற மாதிரியே கொஞ்சம் கல் உப்பும் சேர்த்துத் தேய்த்தேன். செம்பு அப்படியே புது ரோஜாப்பூ நிறத்துக்கு வந்தது. ஒரு சொம்பு தண்ணீரை விட்டுக் கழுவினேன்.

உரித்த டியூபை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ரப்பர் எரிந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. "இன்னாத்தடி அடுப்புல போட்ட? பூஜையும் அதுவுமா நாத்தம் கொடலப் புடுங்குது!" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

சாயங்காலம் அப்பா என்ஜினுக்குச் சந்தனம் வைக்கும்போது குனிந்து பார்த்தார். "அட, இதை யாரு தேச்சது?" என்றார். நான் கறுத்த கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, நான்தான் என்றேன். "பலே! இவதான்டா வேலைக்காரி" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். எனக்கு இரண்டு பங்கு பொரியும் பொட்டுக்கடலையும் கிடைத்தது. கடைசி வரைக்கும் அப்பா என்னை அப்படி வாய்விட்டுப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

பாய் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவிழ்க்காதே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, உண்மைதான். பிரேக் குழாயில் கட்டியதைப் பூஜைக்காக ஒருத்தி அறுத்து எடுப்பாள், புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பாள் என்று எந்த மெக்கானிக்குக்குத் தோன்றும்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வருஷம் ஊரே முழங்கால் தண்ணீரில் நின்றது. கார் அதில்தான் போய்ப் போய் வந்தது. தையில் வெயில் அடித்தது, மாசியில் கடல் காற்று வந்தது. நான் அந்தக் குழாயை அடியோடு மறந்துவிட்டேன்.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போக, பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழ வியாபாரி தன் மனைவியோடும் மாமியாரோடும் வந்திருந்தார். அப்பாவின் நெடுநாள் வாடிக்கை. சிதம்பரத்தில் உறவுக்காரர்களுக்குக் கொடுக்க நாலு பலாப்பழம் டிக்கியில் ஏறின. நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். வியாபாரி சிரித்துக்கொண்டே, "வரட்டும் உடுங்க, கொழந்ததான" என்றார். நான் முன் சீட்டில், மாமாவுக்கு இடது பக்கம்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டினோம். பனை மரங்களுக்கு நடுவில் காற்று ஊதியது, பலாப்பழ வாசனை வண்டியெல்லாம் நிறைந்திருந்தது. வியாபாரியின் மாமியார் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வெள்ளாற்றுப் பாலம் ஏறி இறங்கினோம். இறக்கத்தில், சாலையை அடைத்துக்கொண்டு ஜனங்கள் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். தேர் பார்க்கப் போகிறவர்கள், தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை.

மாமா ஹாரனை அழுத்தினார், பிரேக்கை மிதித்தார். அவருடைய கால் 'தொப்' என்று பலகை வரைக்கும் போனது. எனக்கு விளக்கெண்ணெய் வாசனை பளிச்சென்று அடித்தது. மறுபடி மிதித்தார், மறுபடியும் மிதித்தார். ஹாண்ட் பிரேக்கை இழுத்தார், ஏதோ தீய்ந்தது, வண்டி நிற்கவில்லை. "பாப்பா, டேஷ் போர்ட கெட்டியாப் புடிச்சுக்க!" என்று கத்தினார். வலது பக்கம் ஒரு மதகுச் சுவர் இருந்தது. மாமா ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தார்.

என் பக்கம் மோதக் கூடாது என்றுதான் வலது பக்கம் திருப்பினார் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். நடந்துபோன ஒருவர் மேலும் படவில்லை. வியாபாரியின் மனைவிக்கு நெற்றியில் சின்னக் காயம். எனக்கு உதடு கிழிந்தது. டிக்கி பிளந்து, பலாச்சுளைகள் சாலையெல்லாம் சிதறிக் கிடந்தன. மாமாவின் வலது முழங்கால் ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கியிருந்தது. அவரை வெளியே எடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அவர் கத்தவில்லை, "பாப்பாக்கு இன்னா ஆச்சு, பாப்பாக்கு இன்னா ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாமா சிதம்பரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். காரை ஒரு லாரியில் கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் விட்டார்கள். செய்தி கேட்டு, கூப்பிடாமலே பாய் வந்தார். தெருவே கூடி நின்றது.

பாய் நசுங்கிய பானெட்டைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். குனிந்து உள்ளே கை விட்டார். செப்புக் குழாய் அப்படியே முழுசாக இருந்தது. அதோடு சேருகிற இடத்தில் இரும்புக் குழாய் செதில் செதிலாக உரிந்து, ஒரு பொத்தல் விழுந்திருந்தது. அவர் தொட்டதும் துருத் தூள் விரலோடு வந்தது. அவர் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"இதுல சுத்தியிருந்த டியூப் எங்க?" என்றார்.

"எந்த டியூப்பு?" என்றார் அப்பா.

"ஜாயிண்டுல டியூப் கட்டியிருந்தனே மொதலாளி. கிளிப்புக்குள்ளயும் ரப்பர் வச்சேன். ஒண்ணத்தையும் காணுமே."

"வச்சிருந்தா எங்க போவும்? காத்துல பறந்து போயிடுமா? வாயால சொன்ன, கையால செய்யல. என் மச்சானோட காலு போச்சு பாய். நாலு உசுரு போயிருக்கும்."

"அல்லா மேல ஆணையா கட்டுனேன்."

"ஆணை வேற போடுறியா?"

பாய் சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மேல் அவர் கண் விழுந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்தேன். என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, நோட்டுக் குடுக்க வந்தியே அன்னிக்கி. நான் இத கட்டும்போது நீதான நின்னு பாத்துக்குனு இருந்த. டியூப் சுத்துனனா இல்லியா? அப்பா கிட்ட சொல்லும்மா."

அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. அதுவரைக்கும் விபத்து என்றால் விபத்து, அவ்வளவுதான். பிளேடு, புளி, அடுப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. சுற்றினார் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவின் காலை ஒடித்தது நான் என்று ஆகிவிடும். அப்பாவின் கை என்ன கனம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடிக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. மாமா என்னை வெறுத்துவிடுவார் என்பதுதான் பெரிய பயம்.

"தெரியாது. நான் பாக்கல," என்றேன்.

"பாக்கலியா? நல்லா யோசனை பண்ணிச் சொல்லு கண்ணு."

"நீங்க ஒண்ணும் சுத்தல," என்றேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் இத்தனை வருஷம் தவித்திருக்க மாட்டேன். அவர் கோபப்படவில்லை. என்னையே பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். மெதுவாக எழுந்து, ரயில்வே கேட் பக்கம் நடந்துபோனார். அப்பா பின்னாலிருந்து, "கொழந்த பொய் சொல்லாது, கேட்டுக்கிட்டியா?" என்று கூவினார்.

ஒரு மெக்கானிக்கிடம் பிரேக் வேலை சரியில்லை என்ற பேச்சு வந்துவிட்டால் அப்புறம் அவனிடம் யார் வண்டியை விடுவார்கள்? அப்பா போகிற வருகிற டிரைவர்களிடம் எல்லாம் சொன்னார். லாரிக்காரர்கள் வருவது நின்றது. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "பாய் அப்பிடி உட்டுட்டுப் போற ஆளு இல்ல மாமா, நான் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்" என்று அப்பாவிடம் சொன்னார். "உன் காலுக்கு வந்தது போதாதா?" என்று அப்பா வாயை அடைத்துவிட்டார். கட்டை ஊன்றி நடந்த மாமாவால் தனியாக ரயில்வே கேட் வரைக்கும் போக முடியாது. நான் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், என்னிடம் கேட்கக்கூடச் செய்தார். பரீட்சை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனால் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. பாய் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியின் ஊரான பரங்கிப்பேட்டைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார் என்றார்கள். அவளுடைய கணக்கு நோட்டு இன்னொன்று என்னிடம் இருந்தது. அதை என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தூக்கிப் போட்டிருப்பேன்.

அப்பாவுக்கு எதுவுமே தோன்றவில்லையா என்று நான் பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். குழாய் பளபளத்ததைக் குனிந்து பார்த்தவர் அவர். பாராட்டியவரும் அவர். அம்மாவுக்கும் ரப்பர் நாற்றம் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தார்களா, உண்மையிலேயே இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லையா? இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கேட்டால் என் பங்கையும் சொல்ல வேண்டுமே என்று கடைசி வரை நான் கேட்கவில்லை. மாமாவும் போய்விட்டார். மடங்காத காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு, என் கல்யாணத்தில் மொய் எழுதினார். அவரிடமும் சொல்லவில்லை.

நான் என்ன ஆனேன் என்று நினைக்கிறீர்கள்? விஞ்ஞான டீச்சர். முப்பத்து மூன்று வருஷம். ஒவ்வொரு வருஷமும் துருப்பிடிக்கும் பாடம் வரும். ஓர் ஆணியில் செப்புக் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீரில் போட வேண்டும், இன்னோர் ஆணியைச் சும்மா போட வேண்டும். நாலு நாளில் பிள்ளைகள் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், கம்பி சுத்துன ஆணிதான் ஜாஸ்தியா துரு புடிச்சிருக்குது!" என்று கத்துவார்கள். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ரப்பரோ பெயிண்டோ இருந்தால் தப்பிக்கும் என்று நான் போர்டில் எழுதுவேன். பாய் ஒரே வாக்கியத்தில் சொன்னதற்கு எனக்கு ஒரு பீரியட் ஆகும். என் அப்பா சிரித்த மாதிரி ஒரு பிள்ளையும் சிரித்ததில்லை.

ஓய்வு பெற்ற மறு வருஷம் சிதம்பரத்துக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் வண்டி நின்றது. எத்தனையோ தடவை நின்றிருக்கிறது, அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காராமல் போயிருக்கிறேன். அன்றைக்கு ஏன் என்று தெரியவில்லை, இறங்கிவிட்டேன். ஒரு டீக்கடையில், கடலூரிலிருந்து வந்த மெக்கானிக் பாய் வீடு என்று கேட்டேன். "கைலிக் கடைக்காரரா? அவரு மெக்கானிக்கா?" என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். இன்னொருவர் வழி சொன்னார்.

கதவைத் திறந்தது அவள்தான். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கொஞ்சம் கூன் விழுந்திருந்தாள். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். "ஏய், நீயா! உள்ள வா, உள்ள வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அத்தா எங்கே என்றேன். அத்தா மவுத்தாகி, போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது என்றாள்.

எட்டு மாதம். நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே, பிளேடிலிருந்து அடுப்பு வரைக்கும், வாசலில் நான் சொன்ன பொய் வரைக்கும், ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அத்தா உன்னைப் பத்தி ஒரு நாளும் தப்பாப் பேசல," என்றாள். "கொழந்த பொய் சொல்லாதுன்னுதான் அவரும் சொல்லுவாரு. மொத கொஞ்ச நாளு, கட்டுனேன் கட்டுனேன்னு சொல்லிக்குனு இருந்தாரு. அப்புறம், அந்தப் புள்ள பக்கத்துல நின்னுச்சே, அதுவே இல்லன்னு சொல்லுது, நான்தான் வேற வண்டிக்குக் கட்டுனத இதுக்குக் கட்டுனதா நெனச்சிக்குனேன் போலன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. அதோட ஸ்பேனரக் கையால தொடல. என் கையை நானே நம்ப முடியல, ஊரான் உசுர எப்படி நம்பிக் கையில வாங்குறதுன்னு சொல்லுவாரு. கைலிக் கடையில போயி உக்காந்தாரு."

"ஐயோ," என்றேன்.

"கடையைப் பூட்டிட்டு வருவாரு, பாதி வழியில திரும்பிப் போயி பூட்ட இழுத்துப் பாப்பாரு. கேஸ் சிலிண்டர் மாத்துனா என்னைக் கூப்புடுவாரு. 'வந்து பாரும்மா, நான் மாட்டியிருக்கனா?' மாட்டித்தான் இருப்பாரு. 'மாட்டியிருக்கீங்க அத்தா'ன்னு நான் சொல்லணும். சொன்னாத்தான் அடுப்பப் பத்த வைக்க உடுவாரு. நாப்பது வருஷத்துக்கு மேல அப்பிடித்தான். வயசான கோளாறுன்னு என் புள்ளைங்க கிண்டல் பண்ணும்."

அவள் எழுந்து உள்ளே பார்த்து, மகனையும் மருமகளையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். பேரப் பிள்ளைகள் இரண்டும் பின்னாலேயே வந்தன. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

"இவுங்க சொல்றத எல்லாரும் கேளுங்க," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்க அத்தா அந்த வண்டிக்கு டியூப் கட்டுனாரா, இல்லியா?"

"கட்டினாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்," என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். மகனுக்கு விவரம் புரியவில்லை, அவனுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் காது மந்தம், அவளுக்கு உரக்கச் சொன்னேன். அங்கிருந்த ஆறு பேரிடமும் அன்றைக்குச் சொல்லிவிட்டேன். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டாரே, அவர் ஒருவருக்குத்தான் சொல்லவில்லை.